ஓராண்டில் நான் படித்த நூல்களும் கேட்ட பாடல்களும்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், 2025ஆம் ஆண்டின் இறுதியில் நடைபெற்ற வாசகர் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை. ரப்பர்த் தோட்ட வாசகர்களுக்கும் பயன்படும் எனக் கருதி இங்கே வெளியிடுகின்றோம்.)

 

தகவல் அதிகாரி வருகின்றார் என்றவுடன், புதிய திட்டம் எதையோ விளக்கப் போகின்றார், பாரம் எதையோ நிரப்பச் சொல்லப் போகின்றார் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். இன்று என் பையில் பாரம் எதுவும் இல்லை. ஐந்து நூல்களும் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகமும் மட்டுமே இருக்கின்றன.

மாத முடிவில் கிராணியார் செக்ரோலைத் திறந்து, இன்னாருக்கு இத்தனை நாள் வேலை என்று கணக்குப் பார்ப்பதை நாம் அறிவோம். உழைத்த நாளுக்கு அவ்வாறு ஒரு கணக்கு உண்டென்றால், ஓராண்டில் நம் மனம் பெற்றதற்கும் ஒரு கணக்கு இருத்தல் வேண்டும் அன்றோ? இவ்வாண்டில் நான் படித்தவற்றுள் நெஞ்சில் நின்ற நூல்கள் எவை, கேட்டவற்றுள் மறக்கவொண்ணாத பாடல்கள் எவை என்பதனை உங்களிடம் ஒப்புவிக்கவே வந்துள்ளேன். நான் புலவனல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சிலகாலம் வகுப்பறையில் நின்றவன். அதற்கு முன்னர், பால்மரத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன். ஆகவே, என் கணக்கில் தோட்டத்து வாடை சற்று மிகுதியாகவே இருக்கும், பொறுத்தருள்க.

இந்த மண்டபத்தின் வாயிலில் நின்று பார்த்தால், பனிமூட்டத்துக்கு அப்பால் தேயிலைச் செடிகள் வரிவரியாக மலையேறிச் செல்வது தெரிகின்றது. வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இப்பகுதிக்கு வந்தது 1885ஆம் ஆண்டில். ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929ஆம் ஆண்டில். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரும் மலைச்சாலை முடிவுற்றது 1931ஆம் ஆண்டில். இவை யாவும் நூல்களில் பதிவாகி உள்ளன. ஆனால், காட்டை வெட்டியவர் யார்? சரிவில் நின்று கன்று நட்டவர் யார்? முதற் கொழுந்தைக் கிள்ளிய கை எவருடையது? அவர்தம் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. இவ்வாண்டு முழுதும் நான் படித்த நூல்கள் இக்கேள்வியையே மீண்டும் மீண்டும் என்னிடம் எழுப்பின.

முதலாவது நூல் "எரியும் பனிக்காடு". பி. எச். டேனியல் என்னும் மருத்துவர் "ரெட் டீ" என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதி 1969ஆம் ஆண்டு வெளியிட்ட நாவல் இது. இரா. முருகவேளின் தமிழாக்கம் 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழகத்தின் ஆனைமலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர் டேனியல். தொழிலாளர்களின் நோயைக் கண்டவர் நோயோடு நில்லாது, அதன் வேரையும் தேடினார். தொழிலாளர் சங்கம் அமைக்கவும் பாடுபட்டார்.

கதை வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் நிகழ்கின்றது. திருநெல்வேலிச் சீமையில் மயிலோடை என்னும் ஊரில் வாழும் கருப்பனும் வள்ளியும் பஞ்சம் பிழைக்க மலையேறுகின்றனர். கங்காணி கையில் வைத்த முன்பணம் அவர்களுக்கு முதலில் தெய்வத்தின் கொடைபோல் தோன்றுகின்றது. பின்னர் அதுவே காலில் பூட்டிய விலங்காகின்றது. அரிசிக்கும் கம்பளிக்கும் பற்று எழுதி, ஆண்டிறுதியில் கணக்குப் பார்த்தால் கடன் குறையவில்லை, கூடியிருக்கின்றது. குளிரும் அட்டையும் மலேரியாக் காய்ச்சலும் ஒருபுறம், தடியும் வசையும் மறுபுறம். இரவில் இந்நூலைப் படித்துவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தபோது என்னால் உடனே பருக இயலவில்லை.

இந்த நாவலைத் தழுவி இயக்குநர் பாலா எடுத்த "பரதேசி" என்னும் திரைப்படம் 2013ஆம் ஆண்டு வெளிவந்ததை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். படம் பார்த்தவர்கள் நூலையும் படித்தல் வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் படம் நம்மை அழவைத்து அனுப்பிவிடுகின்றது. நூலோ, அந்த முன்பணம் எவ்வாறு வளர்ந்து ஒரு குடும்பத்தை விழுங்குகின்றது என்பதைப் படிப்படியாகக் காட்டுகின்றது. அழுகை ஓரிரவில் காய்ந்துவிடும். கணக்கின் சூழ்ச்சியைப் புரிந்துகொண்டவனை மீண்டும் ஏமாற்றுதல் எளிதன்று.

இரண்டாவது நூல் "தூரத்துப் பச்சை". கோகிலம் சுப்பையா எழுதி 1964ஆம் ஆண்டு வெளிவந்த நாவல். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தமிழர் வாழ்வைச் சொல்வது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்னும் பழமொழியை நாம் அறிவோம். கடலுக்கு அப்பால் பசுமை தெரிகின்றது என்று நம்பிச் சென்றவர்களின் கதைக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை. ஒரு பெண், தோட்டத்துப் பெண்ணின் வாழ்வை எழுதியிருக்கின்றார் என்பதால், அடுப்படியும் பிள்ளைப்பேறும் கொழுந்துக் கூடையின் பாரமும் இந்நூலில் உயிரோடு வருகின்றன.

இந்நூல் வெளிவந்த அதே 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இந்திய, இலங்கை அரசுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் என்பர். அதன்படி, மலையகத் தமிழர்களில் 525,000 பேர் இந்தியாவுக்குச் செல்லவேண்டும் என்றும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்றும் முடிவாயிற்று. தலைமுறை தலைமுறையாய் ஒரே லயத்தில் வாழ்ந்தோர் இரு நாடுகளாகப் பிரிந்தனர். அண்ணன் இங்கே, தங்கை அங்கே. ஆட்களை எண்ணியவர்கள் அவர்தம் கதைகளையும் பாடல்களையும் எண்ணவில்லை.

மூன்றாவது நூல், நம் ரப்பர்த் தோட்டத்து நாவல். அகிலன் எழுதிய "பால்மரக் காட்டினிலே". 1975ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்ற எழுத்தாளர் அவர். நம் நாட்டுக்கு வந்து, தோட்டங்களைக் கண்டு, மக்களோடு பழகி, அந்த அனுபவத்தைக் கொண்டு 1970களில் இந்நாவலை எழுதினார். பள்ளி நாட்களில் ஒருமுறை இதைப் படித்திருந்தேன். இவ்வாண்டு மீண்டும் படித்தேன். விருந்தினராக வந்த ஒருவர் நம்மீது எத்துணை அன்பு கொண்டு எழுதியிருக்கின்றார் என்று நெகிழ்ந்தேன். அதே வேளையில் ஓர் எண்ணமும் எழுந்தது. விருந்தினர் கண்ணுக்கு முன்கூடம் தெரியும். அடுப்படிப் பரணில் இருப்பது தெரியாது. அதை வீட்டுக்காரர்தாம் எடுத்துக் காட்டவேண்டும்.

அவ்வாறு எடுத்துக் காட்டிய ஒரு வீட்டுக்காரரின் நூலே என் நான்காவது நூல். நம் நாட்டைச் சேர்ந்த முத்தம்மாள் பழனிசாமி எழுதிய "நாடு விட்டு நாடு". தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்த தம் குடும்பத்தின் கதையை அவர் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியுள்ளார். இதில் அரசரும் இல்லை, தளபதியும் இல்லை. அப்பா, அம்மா, உறவினர், மாடு கன்று, நல்லது கெட்டது இவையே உள்ளன. ஆயினும், படித்து முடித்தபோது ஒரு காலத்து மலாயாவே என் கண்முன் நின்றது. இவரே, தாம் கேட்டு வளர்ந்த நாட்டுப்புறப் பாடல்களையும் திரட்டி, "நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்" என்று ஒரு நூலாக்கியுள்ளார் என்பதனை இங்கே குறிப்பிட விழைகின்றேன். அதன் தேவை என்னவென்று சற்று நேரத்தில் சொல்வேன்.

ஐந்தாவது நூல் மலாய் மொழியிலானது. தேசிய இலக்கியவாதி சானோன் அகமட் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட "ரஞ்சாவ் செப்பாஞ்சாங் ஜாலான்". வழிநெடுக முள் என்று பொருள் கொள்ளலாம். கெடா மாநிலத்து நெல் விவசாயி லாஹுமா, அவன் மனைவி ஜேஹா, அவர்களின் ஏழு பெண் மக்கள்; இவர்களே கதை மாந்தர். வயலில் காலில் தைத்த ஒரு முள் அக்குடும்பத்தின் தலைவனையே கொண்டு போகின்றது. நண்டும் பறவையும் வெள்ளமும் பயிரை அழிக்க, ஒற்றையாய் நின்று போராடும் ஜேஹாவின் சித்தம் கலங்குகின்றது. இதைப் படித்தபோது, அடுத்த வீட்டுக்காரரின் துயரத்தை இத்தனை காலம் அறியாதிருந்தோமே என்று வருந்தினேன். நம் பிள்ளைகள் பள்ளியில் மலாய்மொழி நன்கு பயில்கின்றார்கள். தேர்வுக்கு மட்டும் பயிலாமல், அண்டை அயலார் நெஞ்சை அறியவும் அம்மொழியைப் பயன்படுத்துவார்களாயின், அதனினும் சிறந்த ஒற்றுமைப் பாடம் வேறில்லை.

இனி, பாடல்களுக்கு வருகின்றேன்.

என் வீட்டில் வானொலி ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும். நம் அரசாங்கத் தமிழ் வானொலியாகிய மின்னல் பண்பலையில் பழைய பாடல்கள் வரும்போது வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பது என் வழக்கம். இவ்வாண்டில் என்னை மிகவும் மகிழ்வித்த இசைச் செய்தி இளையராசாவைப் பற்றியது. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் வாசித்தவர். 1976ஆம் ஆண்டு "அன்னக்கிளி" படத்தின்வழி கிராமத்து மெட்டுகளைத் திரையிசையின் நடுவீட்டுக்குக் கொண்டுவந்தவர். அவர், 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் தாம் இயற்றிய மேலைநாட்டுச் சிம்பொனி இசையை அரங்கேற்றினார். உலக அரங்கு வரை சென்ற அந்தக் கலைஞரின் தொடக்கம் நாற்று நடுவோரும் களை பறிப்போரும் பாடிய பாடல்களுக்கு இடையில்தான் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்து, பி. ரம்லி அவர்கள் 1960ஆம் ஆண்டு வெளிவந்த "அந்தாரா டுவா டார்ஜாட்" படத்தில் பாடிய "கெத்தாரான் ஜீவா" என்னும் பாடல். 1973ஆம் ஆண்டு மறைந்த அக்கலைஞரின் குரலை இந்நாட்டில் எந்த இனத்தார் வீட்டில் கேட்டாலும் எவரும் வானொலியை மூடுவதில்லை. இதனை என் தந்தையார் மரம் சீவிவிட்டு வந்து, மிதிவண்டியைத் துடைத்தவாறே முணுமுணுப்பார். சொற்களிற் பாதி தவறாயிருக்கும். மெட்டு ஒருபோதும் தவறாது.

மூன்றாவதாக, உறுமி மேளம். இது நம் இளைஞர்களின் இசை. கோயில் திருவிழாவில் இளைஞர் குழுக்கள் உறுமி இழுத்து முழக்கும்போது பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கின்றார்கள். நான் சுளிப்பதில்லை. எவரும் கட்டாயப்படுத்தாமலேயே இளைஞர்கள் தேடிச்சென்று கற்கும் பழங்கலை அது. கலை மேல் இத்துணைப் பற்று அவர்களிடம் இருக்கின்றது. அதனை வேறு சில பணிகளுக்கும் நாம் அழைத்துக்கொள்ளலாம். எப்பணி என்று இப்போது சொல்கின்றேன்.

நான்காவது, இசைத்தட்டிலோ வானொலியிலோ கேட்டதன்று, நூலில் கேட்டது. இலங்கையின் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்னும் தொகுப்பு. 1914ஆம் ஆண்டு வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் கவிஞராகவும் விளங்கினார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. இத்தனை போராட்டங்களுக்கு நடுவிலும், கொழுந்து எடுக்கும் பெண்களும் கவ்வாத்து வெட்டும் ஆண்களும் பாடிய பாடல்களை அவர் கேட்டு எழுதிவைத்தார். தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு எனப் பலவகையும் அவர் திரட்டியவற்றுள் உண்டு. 1984ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் எழுதிவைத்தவை மட்டும் மறையவில்லை.

அன்பர்களே, அந்தத் தொகுப்பைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தை இதுவரை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. இங்கே சொல்கின்றேன்.

என் தந்தையின் தாயார் சிறுமியாக நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்கில் வந்து இறங்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்வார். தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கொழுந்து எடுப்பதால் ஒருவர் பாட மற்றவர் எதிர்ப்பாட்டுப் பாடலாம். பால்மரக் காட்டில் அவ்வாறன்று. அவரவர் நிரையில் அவரவர் தனியே. ஆகவே, இருட்டுக்கும் கொசுவுக்கும் துணையாகத் தமக்குத் தாமே பாடிக்கொள்வார்கள். என் பாட்டியின் பாடல்களுள் ஒன்று அந்தக் கப்பலைப் பற்றியது. அதில் அவருடைய தங்கையின் பெயர் வரும். கப்பலில் காய்ச்சல் கண்டு கரைசேராமற் போன தங்கை.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்தபோது, முதல் உதவித்தொகையில் ஒரு கேசட் பதிவுக் கருவி வாங்கினேன். விடுமுறையில் வீட்டுக்கு வந்து, வானொலியில் வரும் சினிமாப் பாடல்களையெல்லாம் அதில் பதிவு செய்தேன். பாட்டி அருகில் அமர்ந்து, வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ஐயா, அதுலே என் பாட்டையும் புடிச்சு வையேன்."

"இந்தக் கேசட்டுலே எடம் இல்லே பாட்டி. அடுத்த லீவுலே புடிக்கிறேன்" என்றேன்.

அடுத்த விடுமுறை வருமுன் பாட்டி காலமானார். 1999ஆம் ஆண்டு அது.

சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்பைப் படித்த அந்த இரவில், என் பாட்டியின் கப்பல் பாட்டை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். மெட்டு வந்தது. இடையிடையே சொற்கள் வந்தன. தங்கையின் பெயர் மட்டும் வரவில்லை. தந்தையாரும் இப்போது இல்லை. அத்தைமார்களைக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. இந்நாட்டை நோக்கிப் புறப்பட்டு, இதன் மண்ணை மிதியாமலே போன ஒரு சிறுமியின் பெயர் எங்கள் குடும்பத்தில் ஒரு பாட்டில் மட்டுமே உயிரோடிருந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்றவன், எழுதத் தெரிந்தவன், கருவியும் கையில் வைத்திருந்தவன், அதைப் போகவிட்டேன். எவர்மீதும் நான் பழி சொல்வதற்கில்லை. கேசட்டில் இடம் இருந்தது, தோழர்களே. சினிமாப் பாட்டு ஒன்றை அழித்திருக்கலாம்.

இவ்வாண்டு சூலை மாதம் இதே தோட்டத்துக்குப் பணி நிமித்தம் வந்திருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது, இங்கே பல்லாண்டு கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். தம் பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கின்றார். அவர் விருப்பப்படியே விடுகின்றேன். கைவிரலால் கொழுந்து கிள்ளிய காலம் போய், கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. உடன் வேலை செய்வோருள் பலர் அயல்நாடுகளிலிருந்து வந்தவர்கள். "இப்பப் பாடினா யாருங்க எதிர்ப்பாட்டுப் படிப்பா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். என்றாலும், நான் வேண்டிக்கொண்டதும் பாடினார். மலைச்சரிவு ஒவ்வொன்றுக்கும் அக்காலத்துப் பெண்கள் வைத்திருந்த செல்லப்பெயர்கள் அப்பாட்டில் அடுக்கடுக்காக வந்தன. எந்தச் சரிவில் வழுக்கும், எங்கே அட்டை மிகுதி, எந்த இடத்தில் மழைக்கு ஒதுங்கலாம் என்பன யாவும் அதில் இருந்தன. தோட்ட அலுவலகத்து வரைபடத்தில் சரிவுகளுக்கு எண்கள் மட்டுமே இருக்கும். பெயர்கள் அந்த அம்மையாரின் நெஞ்சில் இருந்தன.

நான் அவரிடம் ஒன்றும் எழுதி வாங்கவில்லை. அருகில் நின்ற அவருடைய பேத்தியிடம், "பாட்டி பாடுவதை எழுதிவை, அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றேன். இரண்டாம் படிவத்தில் பயிலும் மாணவி. மறந்துவிடுவாள் என்றே எண்ணினேன். இன்று காலை நான் வந்து இறங்கியதும் அந்தப் பிள்ளை ஓடிவந்து இந்த நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். பதினான்கு பாடல்கள். பச்சை மையில் எழுதியிருக்கின்றாள். புரியாத சொற்களுக்குப் பக்கத்தில், பாட்டியைக் கேட்டுப் பொருளும் எழுதியிருக்கின்றாள். ஓரிடத்தில், "இங்கே பாட்டி அழுதுவிட்டார், நாளைக்கு மீதியைச் சொல்வதாகச் சொன்னார்" என்று குறிப்பும் இருக்கின்றது.

இவ்வாண்டில் நான் படித்தவற்றுள் சிறந்த நூல் எது, கேட்டவற்றுள் சிறந்த இசை எது என்று கேட்பீர்களாயின், இரண்டுக்கும் விடை இந்த நோட்டுப் புத்தகமே.

சிலர் கேட்பார்கள்: பட்ட துன்பத்தை எல்லாம் எழுதிவைப்பானேன்? பிள்ளைகள் படித்து முன்னேறிவிட்டார்கள். கூடையையும் வாளியையும் ஏன் நினைவூட்டவேண்டும்? என் தாயாரே இவ்வாறு கேட்டார். அது நியாயமான கேள்விதான். வடுவை ஊருக்குக் காட்ட எவருக்கும் விருப்பமிராது. ஆனால், நான் அம்மாவிடம் சொன்னது இதுதான்: நம் பிள்ளைகள் எங்கிருந்து நடந்து வந்தார்கள் என்று அறியாவிட்டால், எவ்வளவு தூரம் வந்திருக்கின்றார்கள் என்பதையும் அறியமாட்டார்கள். மேலும், அப்பாடல்களில் துன்பம் மட்டுமா இருக்கின்றது? கேலி இருக்கின்றது, காதல் இருக்கின்றது, மண்டோரைக் குத்திக்காட்டும் துணிவு இருக்கின்றது. அடிமைகளாக மட்டுமே நம் முன்னோரை எண்ணுவோர், அவர்தம் சிரிப்பைக் கேட்டதில்லை.

ரப்பர்த் தோட்டங்களில் இப்பணி இன்னும் அவசரமானது. பால்மரங்கள் இருந்த இடங்களில் எத்தனையோ செம்பனைத் தோட்டங்களாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் உடைபட்டு, குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குச் சென்றன. ஒரு தோட்டத்தின் பாட்டு, அத்தோட்டத்து மக்கள் ஒன்றாய் வாழும்வரைதான் ஒரே பாட்டு. பிரிந்தபின் ஆளுக்கு ஓரடியாகச் சிதறிவிடும்.

ஆகவே, இளைஞர்களே, மாணவர்களே, ஓர் ஆசிரியனின் பழக்கத்தில் சில வழிமுறைகளைச் சொல்கின்றேன். முதலாவது, பெரியவர்களின் ஒப்புதலைக் கேளுங்கள்; அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாவது, உங்கள் கையில் இருக்கும் கைப்பேசியே நல்ல பதிவுக் கருவி. குரலைப் பதிவு செய்யுங்கள். பிறகு பொறுமையாக எழுதுங்கள். மூன்றாவது, பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த வேலையின்போது பாடியது, யாரிடமிருந்து கற்றார் என்பவற்றை நாளும் மாதமும் இட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது, சொற்களைத் திருத்தாதீர்கள். இலக்கணப் பிழை என்று நீங்கள் நினைப்பது உங்கள் பாட்டியின் ஊர்ப் பேச்சாக இருக்கும். மலாய்ச் சொல் கலந்திருந்தாலும் அப்படியே எழுதுங்கள். அது அவர்கள் இந்த மண்ணில் வேரூன்றியதற்குச் சான்று. ஐந்தாவது, ஒரு படிக்கு இரண்டு படியாக வையுங்கள். ஒன்று வீட்டில், மற்றொன்று பள்ளி நூலகத்தில்.

உறுமி மேளக் குழு இளைஞர்களே, உங்களுக்கென ஒரு வேண்டுகோள். அவ்வாறு கிடைக்கும் பாடல்களில் ஒன்றையேனும் அடுத்த ஆண்டுத் திருவிழாவில் உங்கள் மேளத்தோடு பாடுங்கள். எழுதிவைத்த பாட்டு பிழைத்திருக்கும். பாடப்பட்ட பாட்டே வாழும்.

இவ்வளவு நேரம் இக்குளிரில் அமர்ந்து கேட்டீர்கள். இந்த நோட்டுப் புத்தகத்தை உரிய பிள்ளையிடமே திருப்பிக் கொடுக்கின்றேன். இன்னும் அதில் வெற்றுத் தாள்கள் இருக்கின்றன. பாட்டியும் இதோ முன்வரிசையில் நலமாக அமர்ந்திருக்கின்றார். மீதிப் பாட்டை இன்றிரவே கேட்டு எழுதிவிடு, அம்மா. அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப்போடாதே.